மனமுவந்து, இரண்டு இடங்களில்

வழக்கை இரு தரப்பும் சேர்ந்து முடித்துக்கொள்ளும் மனு ஒரு வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது. நான்கு பக்கம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் வக்கீலின் குமாஸ்தா பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருந்தார். முப்பத்தொரு வருடம் ஒரு நிறுவனத்தை நடத்தியவனுக்கு எங்கே கையெழுத்துப் போடுவது என்று குறி போட்டுக் காட்டுகிறார்கள். முதலில் அந்தக் குறிகளை ரப்பரால் அழித்தேன். பிறகுதான் படித்தேன்.

இரண்டாம் பத்தியில் நான் கேட்டிருந்த சொல் இருந்தது. "வேலை தொடங்கும் மணிக்கு முந்தைய அரை மணி நேரத்தில் தொழிலாளர்கள் மனமுவந்து வந்து பணியாற்றினர்." அந்த ஒரு சொல்லுக்காக நான் எல்லோரையும் இழுத்தடித்தேன் என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதே சொல்லை நானே என் வாயால் கெடுத்தேன் என்றும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மைதான். நடந்ததை மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

எங்களுடையது சலவை நிலையம். அப்பா தொடங்கியது. வீட்டுத் துணி வாங்குவதில்லை. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பு, அறுவை அறைத் துணி, நோயாளிகளின் அங்கி, இவைதான். எனக்குப் பிள்ளைகள் இல்லை; தம்பி இறந்த பிறகு தம்பி மகன் நிர்வாகம் பார்க்கிறான். ஆனாலும் பங்குதாரர்களில் மூத்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதமும் அந்த வாசலைத் தாண்டாது.

சலவைக்கு ஆவி வேண்டும். பாய்லரைப் பற்றவைத்து, அதன் அழுத்தமானி முள் பச்சைக் கோட்டுக்கு வர அரை மணி நேரம் ஆகும். ஐந்தரைக்குப் பற்றவைத்தால் ஆறுக்கு ஆவி. ஆறுக்கு மணி. மணி அடித்த பிறகுதான் வருகை அட்டையைக் குத்தலாம். ஆவி வந்தால்தான் வேலை என்பது அப்பா வகுத்த முறை. அட்டை குத்தும் கடிகாரத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து, பூட்டுப் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார். முள் பச்சையைத் தொட்டதும் மணியை அடித்துப் பெட்டியைத் திறப்பது என் பொறுப்பு. ஒரு நாளும் நான் ஒரு நிமிடம் தாமதித்ததில்லை. ஒரு நாளும் ஒரு நிமிடம் முந்தியதும் இல்லை.

அந்த அரை மணி நேரத்தில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. முந்தின மாலை வந்த மூட்டைகளைக் கொட்டிப் பிரிப்பார்கள். இரத்தம் பட்டது ஒரு பக்கம், மருந்து பட்டது ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். விரிப்புக்குள் ஊசி கிடக்கும். கத்தரிக்கோல் கிடக்கும். ஒரு முறை மேல்வரிசைப் பல் செட் ஒன்று வந்தது. மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்பினோம். என்னுடையது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரித்து முடிக்காமல் இயந்திரத்தில் ஒரு துணியும் போட முடியாது. இருந்தாலும் அது வேலையில் சேராது. ஆவி இன்னும் வரவில்லையே. எங்களுக்கு அது தெளிவாகத்தான் இருந்தது.

எங்கள் ஆட்கள் மணிக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள் என்று உறவினர் கூடும் இடங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பாசம் என்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். என் மனைவி மட்டும் ஒரு முறை, "அந்தப் பாசத்தை ஒரு நாள் ஆறு மணிக்கு வரச் சொல்லித்தான் பாருங்களேன்" என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படி ஒரு பேச்சு உண்டு. நான் பொருட்படுத்தவில்லை.

இப்போது அட்டையும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை. விரல் வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தம்பி மகன் அதையும் ஆறு மணிக்கு முன் விரலை ஏற்காதபடி அமைத்து வைத்தான். பழைய பூட்டின் சாவி மட்டும் என் சாவிக்கொத்தில் இருக்கிறது. எடுத்துப் போடத் தோன்றவில்லை.

மணிக்கு முந்தைய அரை மணி நேரமும் வேலை நேரம்தான், அதற்கும் சம்பளம் வேண்டும் என்று பத்தொன்பது பேர் வழக்குப் போட்டார்கள். முதல் பெயர் மடிப்புக்காரம்மாவுடையது. இருபத்தாறு வருடமாக எங்களிடம் இருக்கிறாள். சூடான உருளைக்குள் போய் வரும் விரிப்பை எதிரே ஒருத்தி பிடிக்க, இவள் இந்தப் பக்கம் பிடித்து மடிப்பாள். அவள் அடுக்கிய அடுக்கில் ஓரம் பார்க்க அளவுகோல் வேண்டாம். கையில் காகிதம் கிடைத்தாலும் அப்படித்தான். பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்துத்தான் வைத்துக்கொள்வாள்.

அறிவிப்பு வந்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. தொகை ஒரு விஷயமே அல்ல. எங்கள் வீடு ஆட்களின் நேரத்தைத் திருடியது என்று ஒரு காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதத்தில் அப்பா பெயரில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அதற்கு எண் போட்டு, நூல் கட்டி, யாரோ ஒருவருடைய அலமாரியில் வைத்திருக்கிறார்கள். சமாதானம் பேசலாம் என்று வந்த ஒவ்வொருவரிடமும் பதினான்கு மாதம் ஒரே பதிலைச் சொன்னேன். திருடாதவன் எதற்குச் சமாதானம் பேச வேண்டும்?

பிறகு பெரிய மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் தொழிலாளர் வழக்கு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. எங்கள் துணியில் பாதி அந்த ஒரு மருத்துவமனையுடையது. தம்பி மகன் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பெரியப்பா, அந்தப் பூட்டு உங்க காலத்துல போட்டது. நான் அதை மாத்தாம விட்டேன். என் தப்பு அவ்வளவுதான்."

"தப்புன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம். வழக்கு முடியணும். அது மட்டும்தான் நான் கேக்கறது."

அவனுக்கும் நாற்பது வயது ஆகிறது. தலை முன்பக்கம் நரைத்துவிட்டது. சரி என்றேன். இரண்டு வக்கீல்களும் பேசினார்கள். தொகையைப் பற்றி அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள், நான் தலையிடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஐந்தரைக்கே மணி என்றும் ஒத்துக்கொண்டார்கள், அதிலும் தலையிடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இதுவரை அவர்கள் முன்னதாக வந்தது மனமுவந்து வந்தது என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் எங்கள் வீடு யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை என்று ஆகும். கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். இப்போது நாங்கள் கொடுக்கிறோம், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். இதில் யாருக்கும் இழுக்கு இல்லை. எங்கள் வக்கீல், "சொல்தானே சார், போட்டுடலாம்" என்றார். அவருக்கு அது சொல்தான்.

மனு வந்ததற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, நீதிமன்றத்துக்குப் போனோம். மருத்துவமனை கொடுத்த கெடு சனிக்கிழமை. நீதிபதி அழைக்கும்வரை எங்களைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு நீள மேசை. அதன் ஒரு கால் குட்டை. யார் முழங்கையை ஊன்றினாலும் ஆடியது. அந்தப் பக்கம் பத்தொன்பது பேரும் அவர்களுடைய வக்கீலான ஓர் இளம்பெண்ணும். இந்தப் பக்கம் நான், தம்பி மகன், எங்கள் வக்கீல். என்னைப் பார்த்ததும் பாதிப் பேர் எழுந்தார்கள். பிறகு எழுந்திருக்க வேண்டுமா என்று சந்தேகம் வந்ததுபோல அரைகுறையாக நின்றார்கள். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன்.

பதினெட்டுப் பேர் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மடிப்புக்காரம்மா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரியின் கீழே விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒரு முறை மேசை ஆடியது. கீழே கிடந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எட்டாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி படித்தாள். அதன்பிறகு மேசை ஆடவில்லை.

"இதுல மனமுவந்துன்னு ரெண்டு இடத்துல இருக்கு" என்றாள்.

அவர்கள் வக்கீல் ஆமாம் என்றாள். இரண்டாம் பத்தியில் முன்னதாக வந்ததைப் பற்றி. ஏழாம் பத்தியில் வழக்கை மனமுவந்து திரும்பப் பெறுவதாகவும், இதே காரணத்துக்கு மறுபடி வழக்குப் போடமாட்டோம் என்றும்.

"ஏழாவதுல இருக்கறது சரி. அது நாங்க உக்காந்து பேசி, வேணுமா வேண்டாமான்னு யோசிச்சு ஒத்துக்கிட்டது. ரெண்டாவதுல இருக்கறது அப்படி நடக்கலையே. ஒரு மனமுவந்துதான் என்கிட்ட இருக்கு. அதை எங்க வெக்கணும்னு சொல்லுங்க, வெக்கறேன்."

எங்கள் வக்கீல் சிரித்துக்கொண்டே வேறு சொல் தேடினார். தாமாக வந்தனர் என்று போட்டுக்கொள்ளலாமா என்றார்.

"தானா வர்றதுக்கு நாங்க என்ன தும்மலா?"

பதினெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். தம்பி மகனும் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். விருப்பத்துடன் என்றால்? விருப்பத்தோடு போய்ப் பிறத்தியார் ஊசியைக் கையில் குத்திக்கொள்பவர் யார் என்று கேட்டாள். நிறுவனத்தின் நலன் கருதி என்றால்? அவள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். அவர் அந்தச் சொல்லைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

பேச்சு இப்படிச் சந்தைப் பேரம்போல ஆகிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. "அந்தச் சொல் இல்லேன்னா என் கையெழுத்து இல்ல" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். "அந்தச் சொல் இருந்தா என் கையெழுத்து இல்லைங்க ஐயா."

குரலில் ஒரு குறையும் இல்லை. இருபத்தாறு வருடம் என்னிடம் பேசிய அதே மரியாதை. அதுதான் குத்தியது. நான் வெளியே போய் நடைவழியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் மடிப்புக்காரம்மாவின் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. அந்த வாரம் மூன்று நாள் அவள் ஆறு மணிக்கு வந்தாள். சரியாக ஆறுக்கு. கடிகாரப்படி அவள் தாமதமே இல்லை. பெட்டியைத் திறந்து நின்ற என் முன்னாலேயே அட்டையைக் குத்தினாள். பிரித்து வைத்த குவியல்களைத் தாண்டி நேரே உருளைக்குப் போனாள். மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை நான் பார்த்தேன். நான்காம் நாள் அவளைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து ஈரப் பக்கம் என்றேன்.

ஈரப் பக்கம் என்பது துவைத்த விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து எடுக்கும் இடம். தண்ணீர் குடித்த விரிப்பு ஒன்றை இழுக்கவே இரண்டு கை வலிக்கும். கணுக்கால்வரை ஈரம். வெளுப்பு மருந்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். அங்கே யாரும் கேட்டுப் போவதில்லை. இரண்டு மாதம் அவள் அங்கே இருந்தாள். நான் திட்டவில்லை. அபராதம் போடவில்லை. பதிவேட்டில் இடமாற்றம் என்று எழுதினேன். அவள் உருளைக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு நாளும் ஐந்தரையைத் தாண்டவில்லை. மற்றவர்களும் தாண்டவில்லை.

வழக்கு மனு வந்ததும் அதில் நான் முதலில் தேடியது இதைத்தான். மூன்று முறை படித்தேன். ஈரப் பக்கம் என்ற பேச்சே இல்லை. எங்கள் வக்கீல், முன்னதாக வராதவர்களை நிறுவனம் எப்போதாவது தண்டித்ததுண்டா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அவள் எழுதாமல் விட்டது எங்கள் வீட்டின் மேல் வைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன். எதிர்த்து நின்றாலும் உப்பை மறக்கவில்லை என்று உள்ளூர ஒரு நிறைவுகூட இருந்தது.

அவள் தண்ணீர் குடிக்க நடைவழிக்கு வந்தாள். கூப்பிட்டேன். வந்து, உட்காராமல், சுவரோரம் நின்றாள்.

"அந்த ஈரப் பக்கம் விஷயத்தை நீ மனுவுல எழுதல."

"எழுதலைங்க."

"மறந்துட்டியா?"

அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். "கையை எங்க வெச்சுட்டு மறக்கறது?"

"பின்னே ஏன்?"

மரியாதைக்காக என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அதற்குச் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். கொஞ்சம் பெருந்தன்மையான பதில்.

"அதை எழுதினா இது உங்களுக்கும் எனக்கும் உள்ள பழைய சண்டைன்னு ஆயிடும் ஐயா. இவளுக்குக் கோவம், அதான் வழக்குன்னு உங்க வக்கீலு ரெண்டே வரியில முடிச்சுடுவாரு. மத்த பதினெட்டுப் பேரோட அரை மணி நேரம் அதுக்குள்ள காணாமப் போயிடும். அதான் எழுதல." தம்ளரைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தாள். "ஆனா இந்தச் சொல்லுக்குக் கையெழுத்துப் போட்டா, அது நடக்கவே இல்லைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அதான் போடல."

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்விட்டாள். தயாராக வைத்திருந்த பதிலோடு நான் உட்கார்ந்திருந்தேன். மரியாதை என்று பதினான்கு மாதம் நான் நினைத்துக்கொண்டிருந்தது, வழக்கைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ள அவள் செய்த காரியம். என்னை அவள் அதில் நினைக்கவே இல்லை.

எங்களை அழைத்தார்கள். ஒரு சொல்லில் மட்டும் இன்னும் முடிவாகவில்லை, அதை நீதிபதியே தீர்த்துவைக்கட்டும் என்று இரண்டு வக்கீல்களும் போகிற வழியில் பேசிக்கொண்டார்கள். தம்பி மகன் என் கையைப் பிடித்து, "பெரியப்பா, நாளைக்கு சனிக்கிழமை" என்றான். என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. நான்கு பக்கத்தையும் படித்தார். அவசரப்படவில்லை. சம்பள வழக்கை இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்காக மட்டும் முடித்துவைக்க முடியாது என்றார். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்களா, யாராவது நெருக்கினார்களா என்று பார்ப்பது தன் கடமை என்றார். பத்தொன்பது பேரையும் பார்த்து ஏழாம் பத்தியைத் தானே விளக்கினார். இதே அரை மணி நேரத்துக்காக இனி எந்தக் காலத்திலும் கேட்க முடியாது. புரிந்ததா? புரிந்தது என்றார்கள். பிறகு இரண்டாம் பத்திக்குத் திரும்பினார்.

"மனமுவந்துன்னு போட்டிருக்கு. சரி. யாராவது அஞ்சரைக்கு வராம ஆறு மணிக்கு வந்தா என்ன ஆகும்?"

எங்கள் வக்கீல் எழுந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டார். "ஒண்ணும் ஆகாதுங்க. இந்த நிறுவனம் இத்தனை வருஷத்துல அதுக்காக ஒருத்தரையும் தண்டிச்சது கிடையாது. பெரியவரே இங்க இருக்கார்."

அவர் மேல் குற்றமில்லை. நான் சொன்னதைத்தான் சொன்னார். ஆனால் என் வாக்கியத்தை இன்னொருவர் வாயில் கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை. கூலிக்கு அமர்த்திய ஒருவர், அப்பாவின் பெயரை முன்னால் வைத்து, என்னைச் சாட்சிக்குக் காட்டி, நடந்ததை நடக்காததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் கண்டிப்பு உண்டு. கடுமை உண்டு. பொய் சொல்லிப் பிழைத்தவர்கள் என்று யாரும் எங்களைச் சொன்னதில்லை. மடிப்புக்காரம்மா அந்தப் பக்கம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை; என்னிடமிருந்து எதையும் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. கையிலிருந்த காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். வக்கீலை உட்காரச் சொன்னேன்.

"ஈரப் பக்கம் போகணும்" என்றேன்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். ஈரப் பக்கம் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். விரிப்பின் கனம், தரையில் நிற்கும் தண்ணீர், வெளுப்பு மருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"யார் அனுப்பறது?"

"நான் அனுப்பினேன். ஒரு ஆளை, ஒரு தடவை. அந்த ஒரு தடவை போதுமானதா இருந்தது."

தம்பி மகன் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். எங்கள் வக்கீல் பேனாவை மூடினார்.  நீதிபதி எதையோ எழுதிவிட்டு, பத்தொன்பது பேரிடமும் சொன்னார். இப்போது கேட்டதை வைத்து வழக்கைத் தொடர்ந்து நடத்த விரும்பினால் நடத்தலாம். போட்ட கையெழுத்து அவர்களைக் கட்டாது. உத்தரவு இன்னும் போடவில்லை. யோசிக்க நேரம் வேண்டுமானால் தருகிறேன் என்றார்.

அந்த நேரத்தில் நான் உட்காரவில்லை. எங்கள் நிறுவனத்தில் பாதி அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான்தான் அங்கே தொங்கவிட்டேன். மடிப்புக்காரம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். பாய்லர் பார்ப்பவர் கழுத்தைச் சொறிந்தார். ஒருத்தி தலையசைத்தாள். இன்னொருத்தி தோளைக் குலுக்கினாள். அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

"வேண்டாங்க" என்றாள். "எங்களுக்கு வேண்டியது வந்துடுச்சு. அந்த ஒரு சொல்லை எடுத்துட்டாப் போதும்."

"ஏழாவது பத்தியிலயும் அதே சொல் இருக்கே. அதையும் எடுக்கணுமா?"

"அது இருக்கட்டுங்க. இன்னிக்கு நாங்களாத்தான் வந்தோம். யாரும் பூட்டு வெச்சுக்கிட்டு நிக்கல."

நீதிபதி முகத்தில் சிரிப்பு வந்ததுபோல இருந்தது, வரவிடவில்லை. அடித்த இடத்தில் இரு தரப்பும் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். குமாஸ்தா மனுவை என் முன் வைத்து, அந்தச் சொல்லின் பக்கத்தில் பென்சிலால் குறி போடக் குனிந்தார். வேண்டாம் என்றேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். நானே கோடு இழுத்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அதன்கீழ் மடிப்புக்காரம்மா போட்டாள். மனுவில் பாக்கியிருந்த இடங்களிலும் இருவரும் போட்டோம். அடித்த பிறகு அந்த வரியை ஒரு முறை படித்துப் பார்த்தேன். "தொழிலாளர்கள் வந்து பணியாற்றினர்." அந்தச் சொல் இல்லாமலும் வரி நின்றது.

வழக்கு இரு தரப்புச் சம்மதத்தின் பேரில் முடித்துவைக்கப்பட்டது. மடிப்புக்காரம்மா தன் பிரதியை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக.

காரைத் தம்பி மகன் ஓட்டினான். ஒரு சிக்னலில் நின்றபோது, "ஏன் பெரியப்பா?" என்றான்.

"நம்ம பேரைச் சொல்லி ஒருத்தர் பொய் சொல்றாரு. நான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"அந்தப் பொய்யை எழுதச் சொன்னதே நீங்கதானே?"

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஒலி எழுப்பினார்கள். அவன் வண்டியை எடுத்தான். 

உறவினர்கள் தொலைபேசியில் ஒருவர் பின் ஒருவராக விசாரித்தார்கள். வழக்கு முடிந்ததில் சந்தோஷம், ஆனால் நீங்களே எழுந்து சொல்லியிருக்க வேண்டாம் என்றார்கள். தலை குனிந்துவிட்டதாக அவர்களுக்கு வருத்தம். நான் எழுந்து நின்றுதான் சொன்னேன் என்று திருத்தினேன். என் மனைவி சாப்பாடு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். பதினோரு வருடத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை நான் நிலையத்துக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை. ஐந்தே கால். வாசலில் விளக்கு எரிந்தது. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிலர் வணக்கம் சொன்னார்கள். பாய்லர் அறைக் கதவருகே நின்றேன். அது எனக்குப் பழக்கமான இடம். அங்கிருந்து முள்ளும் தெரியும், ஆட்களும் தெரியும்.

ஐந்தரைக்கு மணி அடித்தது. குளிர்ந்து கிடந்த பாய்லருக்கு மேலே அடித்த அந்த மணி என் காதுக்கு ஒரு பிழைபோல ஒலித்தது. கை தன்னால் சட்டைப்பைக்குப் போய்ச் சாவிக்கொத்தைத் தொட்டுவிட்டு வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இயந்திரத்தில் விரல் வைத்தார்கள். மடிப்புக்காரம்மாவின் விரலை அது ஒரே தடவையில் ஏற்கவில்லை. ரேகை தேய்ந்திருக்கும். துணியில் துடைத்து மறுபடி வைத்தாள். மூன்றாம் முறை ஏற்றது. பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள்.

நான் முள்ளைப் பார்த்தேன். பூஜ்யத்தில் இருந்தது. வேலை தொடங்கியிருந்தது.